முட்டையளவு வெண்ணெயாம், எந்தக் கோழியின் முட்டை?

இன்னும் கோபம் தீரவில்லை. தேங்க்ஸ்கிவிங் முடிந்து நான்கு நாள் ஆகிவிட்டது, பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று, ஓவனுக்குள் கருகி ஒட்டியிருந்ததைக்கூட நேற்று உட்கார்ந்து சுரண்டி எடுத்துவிட்டேன். ஆனாலும் அந்தப் பழைய சமையல் புத்தகம் மேசைமேல் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

நியூஜெர்சிக்கு வந்து ஆறு வருடம். நவம்பர் நான்காம் வியாழன், அதாவது தேங்க்ஸ்கிவிங், வந்தால் பக்கத்து வீட்டு அம்மாள் விருந்துக்குக் கூப்பிடுவார். நானும் வருடா வருடம் ஒரு தூக்கு வெஜிடபிள் பிரியாணியோ தக்காளி சாதமோ கொண்டுபோவேன், எல்லோரும் நன்றாகச் சாப்பிடுவார்கள், ஒரு வம்பும் இல்லை. இந்த வருடம் என்ன கிறுக்குப் பிடித்ததோ, "பம்ப்கின் பை நான் செய்துகொண்டு வருகிறேன்" என்று வாயை விட்டுவிட்டேன். (பை என்றால், தட்டில் விரித்த மைதா மாவுக்குள் மசித்த பரங்கிக்காய், பால், முட்டை, சர்க்கரை எல்லாம் கலந்து ஊற்றி ஓவனில் வேகவைக்கிற இனிப்பு.) அம்மாவிடம் போனில் சொன்னபோது, "பையா? எந்தப் பை? மஞ்சப் பையா?" என்று கேட்டாள். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

எல்லாம் அந்தப் புத்தகத்தால் வந்தது. எங்கள் ஊர் நூலகத்தில் பழைய புத்தகங்களைக் கழித்து விற்றபோது 2 டாலருக்கு வாங்கினேன். ஏதோ ஒரு சர்ச்சின் பெண்கள் சேர்ந்து 1950களில் போட்ட சமையல் புத்தகம், பிளாஸ்டிக் சுருளில் கட்டியது, பக்கத்துக்குப் பக்கம் வெண்ணெய்க் கறை. கறை படிந்த பக்கம் என்றால் கைபட்ட சமையல், தப்பாது என்று நினைத்தேன் பாருங்கள். (ஒவ்வொரு குறிப்புக்குக் கீழேயும் திருமதி என்று போட்டுப் புருஷன் பெயர்தான் இருக்கிறது. மாவு பிசைந்தவளின் பெயர் அவள் எழுதிய குறிப்பிலேயே இல்லை. அது தனிக் கோபம், இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன்.)

குறிப்பு மொத்தம் ஏழே வரி. 303 டப்பா பம்ப்கின் ஒன்று, இல்லாவிட்டால் அதே அளவு வேகவைத்த காய். ஸ்வீட் மில்க் ஒன்றரை கப், கொஞ்சம் குறைவாக. சர்க்கரை முக்கால் கப். முட்டை இரண்டு. முட்டையளவு வெண்ணெய், உருக்கியது. மசாலா விருப்பம்போல். வழக்கமான பை மாவில் ஊற்றி, சூடான ஓவனில் ஆரம்பித்து, பிறகு சூட்டைக் குறைத்து, வேகும் வரை வைக்கவும். முடிந்தது! இதற்குப் பேர் செய்முறையா, விடுகதையா?

303 டப்பாவைத் தேடி இரண்டு கடை ஏறி இறங்கினேன். டப்பாவில் எங்கேயாவது 303 என்று அச்சடித்திருக்கும் என்று ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன், கடைப் பையன் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. அப்புறம்தான் தெரிந்தது, அது டப்பா செய்கிறவர்கள் அந்தக் காலத்தில் டப்பா அளவுக்கு வைத்திருந்த எண்ணாம். 303 என்றால் சுமார் 16 அவுன்ஸ், அதாவது இரண்டு கப். இப்போது கடையில் இருப்பது 15 அவுன்ஸ். விலை ஏற ஏற டப்பா ஓர் அவுன்ஸ் இளைத்திருக்கிறது, நமக்குத்தான் எதுவும் இளைக்க மாட்டேன் என்கிறது.

இதெல்லாம் தெரியாத அன்றைக்கு நான் என்ன செய்தேன்? டப்பா எதற்கு, நாம் ஈரோட்டுப் பக்கம் பிறந்தவள், அரசாணிக்காய் தெரியாதா நமக்கு என்று ஒரு திமிர். ஹாலோவீன் முடிந்து மீந்த பெரிய ஆரஞ்சுக் காய்களைக் கடை வாசலில் பாதி விலைக்குக் குவித்திருந்தார்கள், அதில் ஒன்றைத் தூக்கி வந்தேன். அது முகம் செதுக்கி விளக்கு வைக்க வளர்க்கிற காய். வெட்டினால் தேங்காய் நார் மாதிரி நார், வேகவைத்தால் ரசம். வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் வடித்தேன், வடிந்த தண்ணீர் ஒரு சொம்பு, மிஞ்சிய காய் ஒரு கரண்டி. கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப இல்லை.

பிறகு தேடிப் படித்தபோது வயிறு எரிந்தது. டப்பாவில் வருகிற பம்ப்கின் அந்த ஆரஞ்சுக் காயே இல்லையாம். இல்லினாய்ஸ் மாநிலத்தில் மார்ட்டன் என்கிற ஊரைச் சுற்றி விளைகிற டிக்கின்சன் என்கிற வகைதான் பெரும்பாலும். பார்க்க ஆரஞ்சாகக்கூட இருக்காது, வெளுத்த பழுப்பு. தாவரவியல் கணக்கில் அது குக்குர்பிட்டா மொஸ்காட்டா, அதாவது சாட்சாத் நம் அரசாணிக்காயின் இனம்! அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து கப்பலேறி வந்த காய் அது, மற்ற ஊர்களில் பரங்கிக்காய் என்று சொல்வதிலேயே பரங்கியர் இருக்கிறார்கள். அந்தக் காயை இந்தியக் கடையில் கீற்றுப் போட்டு வைத்திருக்கிறார்கள், வாரா வாரம் வாங்கிப் பொரியல் செய்கிறேன். அதைத் தாண்டிப் போய் விளக்குக் காயை வாங்கியிருக்கிறேன். இதை ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

சரி, காய் போகட்டும். ஸ்வீட் மில்க். நீங்களே சொல்லுங்கள், இனிப்புப் பால் என்றால் என்ன வாங்குவீர்கள்? கண்டென்ஸ்டு மில்க்தானே? நானும் அதைத்தான் வாங்கினேன். ஒன்றரை கப் கண்டென்ஸ்டு மில்க், அதற்கு மேல் புத்தகம் சொன்னபடி முக்கால் கப் சர்க்கரை. வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்த் தண்ணீர் குடித்தார், அப்புறம் இன்னொரு டம்ளர் குடித்தார். ஸ்வீட் மில்க் என்றால் வெறும் பாலாம்! புளித்த பால், மோர் எல்லாம் புழங்கிய காலத்தில், புளிக்காத பாலை அப்படிச் சொல்வார்களாம். புளிக்கவில்லை என்பதற்காக இனிப்பு என்று எழுதுவீர்களா? அப்படிப் பார்த்தால் என் வீட்டுச் சாம்பார்கூட ஸ்வீட்தான்.

அப்புறம் அந்த "கொஞ்சம் குறைவாக". எவ்வளவு குறைவாக? முட்டையளவு வெண்ணெய் என்றால் எந்தக் கோழி, நாட்டுக் கோழியா, இங்கே விற்கிற ஜம்போவா? கால் கப், சுமார் இரண்டு அவுன்ஸ் என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்தக் கால் கப்பை எழுத என்ன கேடு? எழுத ஆள் இல்லாத காலமும் இல்லை இது. 1896லேயே பாஸ்டனில் ஃபேனி ஃபார்மர் என்கிற அம்மாள் தன் சமையல் பள்ளிப் புத்தகத்தில் கப்பானாலும் ஸ்பூனானாலும் தலைதட்டித்தான் அளக்க வேண்டும் என்று அடித்துச் சொல்லிவிட்டார். பதிப்பகத்துக்கு அந்தப் புத்தகம் விற்கும் என்று நம்பிக்கை இல்லாமல், முதல் 3000 பிரதிக்கு அவர் தன் காசையே போட வேண்டியிருந்தது. அவர் அப்படிக் கைக்காசு போட்டுத் தலைதட்டச் சொல்லி அறுபது வருடம் கழித்து இவர்கள் உட்கார்ந்து "கொஞ்சம் குறைவாக" என்று எழுதுகிறார்கள்.

இன்னும் பழசு தேவலாமோ என்று 1796 வரைக்கும் போய்ப் பார்த்தேன். ஹார்ட்ஃபோர்டில் அச்சான அமீலியா சிம்மன்ஸ் புத்தகம், அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவில் வந்த முதல் சமையல் புத்தகம். அதில் புட்டிங் என்ற பெயரில் இதே பண்டம் இருக்கிறது. ஒரு குவார்ட் காய், மூன்று பைண்ட் கிரீம், ஒன்பது முட்டை. மேல்மாவு எப்படி என்றால் 7ஆம் எண் மாவு அல்லது 3ஆம் எண் மாவு, போய்ப் பார்த்துக்கொள். எவ்வளவு சூடு என்று ஒரு வார்த்தை இல்லை, முக்கால் மணி நேரம் மட்டும். ஆனால் அந்த அம்மாளை நான் திட்ட மாட்டேன். விறகு எரித்துச் சமைத்த காலம், டிகிரிக்கு எங்கே போவார்? ஓவனில் திருகு குமிழ் வந்த பிறகும் "சூடான ஓவன்" என்று எழுதுகிறவர்களைத்தான் திட்டுகிறேன்.

மாவுக்கு வருகிறேன். "வழக்கமான பை மாவு" என்பதற்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது. மைதா, லார்டு, உப்பு, தேவையான அளவு குளிர்ந்த தண்ணீர். லார்டு என்றால் பன்றிக்கொழுப்பு, எங்கள் வீட்டில் நடக்காது, அதனால் வெண்ணெய். வெண்ணெயில் கொழுப்பு சுமார் 80 சதவீதம்தான், மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர், ஆகவே தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்பது யார் சொல்லி எனக்குத் தெரியும்? அதுகூடப் பரவாயில்லை. மாவைப் பிசையாதே என்று ஒருவரும் சொல்லவில்லை! மைதாவையும் தண்ணீரையும் ஒரு பாத்திரத்தில் கண்டால் என் கை தானாகச் சப்பாத்திக்குப் போய்விடும். நல்லா அழுத்தி அழுத்தி, காது மடல் மாதிரி மிருதுவாகும் வரை பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி ஊறவும் வைத்தேன். பை மாவில் கொழுப்பு சிறு சிறு கட்டியாக நிற்க வேண்டுமாம், அப்போதுதான் ஏடு ஏடாக உதிருமாம். எனக்கு வந்தது வறட்டி. கத்தியால் வெட்டினால் கத்தி வழுக்கியது.

முதல் பை ஞாயிற்றுக்கிழமை குப்பைக்குப் போனது. புதன் ராத்திரி, எல்லாம் படித்துத் தெளிந்து, டப்பாக் காய், வெறும் பால், பிசையாத மாவு என்று இரண்டாவதை ஏற்றினேன். மிச்சம் இருந்தது ஓவன் ஒன்றுதான். சூடான ஓவன் என்றால் 400 முதல் 450 ஃபாரன்ஹீட்டுக்குள் என்று பிடித்து 425 வைத்தேன், சரிதான். "பிறகு சூட்டைக் குறைத்து" என்றால் எவ்வளவு நேரத்துக்குப் பிறகு? பத்து நிமிடமா, அரை மணியா? "வேகும் வரை" என்றால் எதைப் பார்த்து வெந்தது என்று சொல்வது? நடுவில் தளதளவென்று ஆடியதால் வேகவில்லை என்று இன்னும் இருபது நிமிடம் விட்டேன். அந்த ஆட்டம் இருக்கும்போதே எடுக்க வேண்டுமாம், மிச்சம் உள்ளே இருக்கிற சூட்டிலேயே இறுகுமாம். அதிகம் வெந்தால் முட்டை முறுக்கிக்கொண்டு தண்ணீரைக் கக்கும், திரிந்த பால் மாதிரி. என் பை நடுவில் வெடித்துக் கோடைகால ஏரியாக இருந்தது, ஓரத்தில் தண்ணீர் கசிந்தது, விளிம்பு கருகிவிட்டது.

"உங்கம்மாவும்தான் உப்பு தேவையான அளவு, ஒரு கை அரிசி என்கிறார், அதற்குக் கோபம் வருவதில்லையே" என்று வீட்டுக்காரர் கேட்டார், அதுவும் அந்த நேரம் பார்த்து. அம்மா ஒரு கை என்றால் அந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன். அவள் பதம் என்றால் பாகை விரலில் தொட்டு இழுத்து, இதோ கம்பி, பார் கண்ணு என்று காட்டியிருக்கிறாள். சந்தேகம் வந்தால் ராத்திரி பன்னிரண்டுக்கும் போன் எடுக்கிறாள். இந்தத் திருமதிகளை நான் எந்த எண்ணில் கூப்பிடுவது? அவர்கள் தங்கள் மகளுக்கும் பக்கத்து பெஞ்சுக்காரிக்கும் எழுதினார்கள், அது எனக்குப் புரிகிறது. "பாட்டி காலத்துச் செய்முறை, அப்படியே பின்பற்றுங்கள், எவ்வளவு எளிமை" என்று பெருமூச்சு விடுகிறவர்களைத்தான் புரியவில்லை. எதை அப்படியே பின்பற்றுவது? டப்பா மாறிவிட்டது, ஓவன் மாறிவிட்டது, பாலின் பெயர் மாறிவிட்டது. ஒரு தடவையாவது அதை அடுப்பில் ஏற்றிப் பார்த்தவர் வாயிலிருந்து எளிமை என்ற சொல் வருமா?

வியாழக்கிழமை வெடிப்பின் மேல் விப்டு கிரீமை மெத்தையாகப் போட்டு மூடிக்கொண்டு போனேன். விருந்தில் யாரோ கடையில் வாங்கிய பை ஒன்று கொண்டுவந்திருந்தார்கள், வழவழவென்று ஒரு கீறல் இல்லாமல். அது முழுக்கக் காலியானது. என்னுடையதில் இரண்டு துண்டு போனது, அதில் ஒன்று நான் சாப்பிட்டது. போதாக்குறைக்கு அந்த அம்மாள், "இந்த வருடம் பிரியாணி இல்லையா?" என்று கேட்டார்.

நேற்று அந்தப் பக்கத்தைத் திறந்து ஓரமெல்லாம் பென்சிலால் எழுதினேன். ஸ்வீட் மில்க் என்றால் வெறும் பால், கண்டென்ஸ்டு மில்க் அல்லவே அல்ல. 303 என்றால் இரண்டு கப். 425இல் 15 நிமிடம், பிறகு 350இல் 40 நிமிடம், அதற்கப்புறம் ஓவன் வாசலிலேயே நின்று பார். நடு ஆடும்போதே எடு. மாவைப் பிசைந்தால் கையை ஒடிப்பேன். எல்லாம் தமிழில். அடுத்த விற்பனைக்கு இந்தப் புத்தகத்தை நூலகத்திலேயே திருப்பிக் கொடுக்கப் போகிறேன், 2 டாலர் கொடுத்து வாங்குகிற மகராசி உட்கார்ந்து படித்துக்கொள்ளட்டும்.