பியர்டட் டிராகனுக்கு சென்னை வெயிலே போதுமா?

"சென்னையில் பியர்டட் டிராகன் (ஓணான் இனப் பல்லி) வளர்க்க விளக்கே வேண்டாம், கண்ணாடித் தொட்டியை ஜன்னல் ஓரம் வைத்தால் போதும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் இந்தப் பிராணிக்கு வெறும் சூடு போதாது, யுவிபி (வெயிலில் உள்ள ஒரு வகைப் புற ஊதா) கதிரும் வேண்டும். ஜன்னல் கண்ணாடி அதைக் கிட்டத்தட்ட முழுவதும் தடுத்துவிடும். யுவிபி இல்லாவிட்டால் உடலில் வைட்டமின் டி3 சரியாக உருவாகாது. தின்னும் கால்சியம் எலும்பில் சேராது. தாடை ரப்பர் மாதிரி மெத்தென்றாகும், அப்புறம் கால் வளையும், நடக்கும்போது நடுங்கும். போதாக்குறைக்கு, நேர் வெயில் படும் கண்ணாடித் தொட்டியில் சூடு ஏறி உயிரே போகலாம்.

இது ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியைச் சேர்ந்தது. வெயில் காயும் முனையில் சுமார் 40 டிகிரி, மறுமுனையில் 27 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதத்துக்குள் இருந்தால் அதற்குச் சுகம். வேளச்சேரியில் நவம்பரில் துவைத்த துணியே காயாது! ஆக விளக்கும் வேண்டும், காற்றோட்டமான கூண்டும் வேண்டும். யுவிபி விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் குறைந்துவிடும். வகையைப் பொறுத்து 6 முதல் 12 மாதத்தில் மாற்றுங்கள்.

மொட்டைமாடியில் காலை வெயில் காட்டலாமா? தாராளமாக. வலைக்கூண்டில், பாதி நிழலோடு. காக்கை சும்மா விடாது, பக்கத்திலேயே ஆள் இருக்கட்டும்.