பேட்டரியைக் கணிக்கும் திறந்த மென்பொருளும் நம் கடற்கரை வெயிலும்

பேட்டரியின் உள்ளே நடப்பதைக் கணினியில் கணித்துக் காட்டும் பைபாம் (PyBaMM) என்ற மென்பொருளை ராமநாதபுரம் மாவட்டத்தின் பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்கள் அவசியம் கற்க வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன். பைத்தான் மொழியில் எழுதப்பட்ட இதை எவரும் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். சமன்பாடுகளைத் திறந்து பார்க்கலாம், திருத்தவும் செய்யலாம். லித்தியம் மின்முனைத் துகள்களுக்குள் எப்படிப் பரவுகிறது, இரு மின்முனைகளுக்கும் இடையிலுள்ள மின்பகுளி வழியே மறுபக்கம் எப்படிச் சேர்கிறது என்பதைக் கணக்கிட, டாயில், ஃபுல்லர், நியூமன் ஆகிய ஆய்வாளர்கள் 1993-இல் வெளியிட்ட கணித மாதிரி இதில் உள்ளது. ஒரு முழு டிஸ்சார்ஜைச் சாதாரண மடிக்கணினியே சில நொடிகளில் கணக்கிட்டுவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை எடுத்துக்கொள்வோம். பாம்பனிலும் மண்டபத்திலும் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் நிற்கும் அந்த நாட்களில்தான் இங்கே வெயில் கடுமையாக இருக்கும். விளக்குக்கும் ஜிபிஎஸ் கருவிக்கும் லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர் அதை முழுச் சார்ஜில் விட்டுச் சென்றால், வெப்பமும் உயர்ந்த மின்னழுத்தமும் சேர்ந்து கிராஃபைட் மின்முனையின் மேலுள்ள படலத்தைத் தடிக்கச் செய்யும். அதில் சிக்கிய லித்தியம் மீண்டும் பயன்படாது, கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். ஈய அமில பேட்டரிக்கோ இது நேர்மாறு: சார்ஜ் குறைந்து கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும் என்பதால், அதை நிறைத்தே வைக்க வேண்டும். பாதிச் சார்ஜில் வைத்தால் எவ்வளவு மிஞ்சும், நிழலில் வைத்தால் எவ்வளவு என்று படகுக்காரர் கேட்டால், தடைக்காலம் முடியும்வரை காத்திராமல் கணித்துச் சொல்ல இந்த மென்பொருள் உதவும்.

ஆனால் அந்த விடை, நாம் உள்ளிடும் அளவுகளைப் பொறுத்தது. பலரும் எடுத்தாளும், எல்ஜி நிறுவனத்தின் எம்50 என்ற லித்தியம் செல்லின் அளவுகள், 2020-இல் அந்தச் செல்லைப் பிரித்து, 25 டிகிரி அறை வெப்பத்தையொட்டி அளந்து வெளியிடப்பட்டவை. தங்கச்சிமடத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குள் கிடக்கும் வேறொரு செல்லுக்கு அவற்றை அப்படியே பொருத்துவது சரியாகாது. (உப்புக்காற்றில் டெர்மினல் அரிப்பதும் இந்தச் சமன்பாடுகளில் வராது, அதைக் கண்ணால் பார்த்துத்தான் கவனித்துக்கொள்ள வேண்டும்.)

ஆகவே, நம் கல்லூரி ஆய்வகங்கள் இங்கே கடைகளில் கிடைக்கும் செல்களை வாங்கி, சிலவற்றை முழுச் சார்ஜிலும் சிலவற்றைப் பாதிச் சார்ஜிலுமாக 40 டிகிரியில் இரண்டு மாதம் வைத்து, தொடக்கத்திலும் முடிவிலும் எத்தனை ஆம்பியர் மணி கிடைக்கிறது என்று அளந்து, அந்த அளவுகளை எவரும் எடுத்தாளும்படி திறந்த உரிமத்தில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.