ராயப்பன் பைபிளில் இல்லையாம்

போன வாரம் தங்கச்சி வீட்டில் ஒரு பஞ்சாயத்து. பையனுக்கு நாற்பது நாள் ஆகிறது, ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுக்க வேண்டும். எங்கள் தாத்தா பெயர் ராயப்பன். அதையே வைக்க அப்பத்தாவுக்கு ஆசை. கீழே வத்தலக்குண்டிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் தம்பி, "அது பைபிள்லயே இல்லாத பேரும்மா, பீட்டர்னு வைங்க" என்றார். தங்கச்சியும் தலையாட்டிவிட்டாள். அப்பத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. கணப்பு பக்கம் போய் உட்கார்ந்து குச்சியால் கரியைக் கிளறிக்கொண்டிருந்தது.

அந்த இடத்தில் எனக்கு வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தம்பி, தமிழ் பைபிளில் இல்லாதது பீட்டர்தான். இன்றைக்கு எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் பேதுரு என்றுதான் இருக்கும். யோவான் சுவிசேஷம் முதல் அதிகாரம், 42ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். இயேசு சீமோனைப் பார்த்து "கேபா" என்று பெயர் வைக்கிறார். அடுத்த மூச்சிலேயே, கேபா என்றால் பேதுரு என்று சுவிசேஷமே அர்த்தம் சொல்கிறது. கேபா அரமேயச் சொல், பேதுரு கிரேக்கத்திலிருந்து வந்தது. இரண்டுக்கும் பொருள் கல், பாறை. பெயரை அடுத்த மொழிக்குப் பெயர்த்துச் சொல்லும் வேலையை பைபிளே ஆரம்பித்து வைத்துவிட்டது.

நம் பழைய கத்தோலிக்கச் சாமியார்கள் செய்ததும் அதேதான். தெலுங்கில் ராயி என்றால் கல். பேதுரு என்ற அந்தக் கல்லப்பர்தான் ராயப்பர் என்பது பெரியவர்கள் சொல்லும் விளக்கம். எங்கள் பக்கத்து வீட்டு நாயுடு பாட்டி கதவுக்கு முட்டுக்கொடுக்கும் கல்லை இன்றைக்கும் "ஆ ராயி" என்றுதான் கேட்கும். பவுல் என்ற பெயருக்கு லத்தீனில் சிறியவர் என்று பொருள், அதனால் அவர் சின்னப்பர். யோவானுக்கு மூலமான எபிரெயப் பெயருக்கு 'கடவுள் அருளினார்' என்று பொருள், அதனால் அருளப்பர். 1693இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட ஜான் தெ பிரிட்டோ சாமியார் நமக்கு அருளானந்தர் ஆனதும் இந்த வழியில்தான். எவ்வளவு யோசித்திருக்கிறார்கள், பாருங்கள்!

எல்லாமே மொழிபெயர்ப்பு என்றும் சொல்ல மாட்டேன். சந்தியாகு என்பது ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த 'சாந்தியாகோ'. யாக்கோபு, ஜேம்ஸ், சந்தியாகு மூன்றும் ஒரே ஆள்தான். யோசேப்பு சூசை ஆன மாதிரி, நாக்கு போன போக்கில் போன பெயர்கள் நிறைய. நம் சலேத் மாதாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1846இல் பிரான்ஸ் மலைக் கிராமம் ஒன்றில் மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகளுக்கு மாதா காட்சி கொடுத்ததாக நம்பிக்கை. அந்தக் கிராமத்தின் பெயர் லா சலெத். இருபது வருஷத்துக்குள் கொடைக்கானல் மலையில் அதே பெயரில் கோயில் எழும்பிவிட்டது. ஆகஸ்ட் 15 தேருக்கு மழையில் நனைந்துகொண்டு நிற்கும் யாராவது, "சலேத் பைபிளில் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்களா?

எங்கள் ஆட்கள் மேலும் எனக்குக் குறை உண்டு. 1995இல் பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் வந்தது. கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்ற நல்ல நோக்கம். அதற்காக நாம் அருளப்பரை யோவான் ஆக்கினோம், சின்னப்பரை பவுல் ஆக்கினோம். மற்ற சபையார் பெரும்பாலும் தங்கள் பழைய வேதாகமத்தையே பிடித்துக்கொண்டார்கள். விட்டுக்கொடுத்தது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

அவர்களைத் தப்புச் சொல்லவும் மனசு வரவில்லை. அவர்களுடைய வேதாகமத்தின் 1871 திருத்தத்தில், பழைய மொழிபெயர்ப்பாளர் பப்ரிசியுஸ் கடவுளுக்கு எழுதிய 'பராபரன்' போய் 'தேவன்' வந்தபோது, லுத்தரன் சபையார் பழைய மொழிபெயர்ப்பை விடவே மாட்டோம் என்று வெகுகாலம் வைத்திருந்தார்கள். அந்தத் திருத்தக் குழுவில் இருந்த கால்டுவெல் கடைசியில் நம் கொடைக்கானலுக்கு வந்து 1891இல் இங்கேயேதான் கண்ணை மூடினார். உடல் அவர் ஊழியம் செய்த இடையன்குடிக்குப் போனது. திராவிட மொழிகளுக்கே ஒப்பிலக்கணம் எழுதிய மனிதர் உட்கார்ந்து திருத்திய சொல்லையும் ஜனங்கள் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. ஜெபத்தில் பழகிய சொல் அப்படி.

அப்பத்தா இன்னமும் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்றுதான் செபமாலை சொல்லும். பக்கத்தில் நாங்கள் "அருள் மிகப் பெற்ற மரியே" என்போம். இரண்டும் இடிக்கும், செபமாலையில் ஒரு மணி முன்னேபின்னே போகும், ஆனால் முடிவது ஒன்றாகத்தான்.

இதையெல்லாம் நேற்று மாப்பிள்ளையிடம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரெண்டையும் சேர்த்து வச்சிருவோம் மச்சான்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் ரெஜிஸ்டரில் பீட்டர் ராயப்பன் என்று எழுதப்போகிறார். அர்த்தம் பார்த்தால் கல் கல். அப்பத்தாவிடம் சொன்னதற்கு, "தண்ணியக் கொஞ்சம் சுட வச்சு ஊத்தச் சொல்லுடா, பச்சப்புள்ளைக்குக் குளிரும்" என்றது.