பின்னுக்கு நிற்கிற பிள்ளைக்கும் ஒரு கழகம் வேண்டும்

பெண்கள் உதைபந்தாட்டச் செய்தி வந்தால் வாசித்துப் பாருங்கள். கோல் போட்ட பிள்ளையின் பெயர் இருக்கும், எத்தனையாவது நிமிடம் என்றும் இருக்கும், கிண்ணம் வாங்குகிற படம் இருக்கும். எதிரணியை ஒரு கோலும் போட விடாமல் மறித்த நாலு பேரும் யாரென்று மட்டும் இருக்காது.

எங்கள் ஒழுங்கையில் அப்படி மறிக்கிற பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். பள்ளிக்கூட அணியில் சென்டர் பாக், அதாவது பின்களத்தில் நடுவில் நிற்பவள். ஏன் அந்த இடம் என்று கேட்டால், “உயரமா இருக்கிறன் எண்டு சேர் பின்னுக்கு விட்டவர், மாமா” என்கிறாள். அண்மையில் யாழ்ப்பாணம் துரையப்பா மைதானத்தில் அவள் ஆடியதைப் பார்த்தேன். முதல் பாதியில் பந்து வந்த பக்கமெல்லாம் பாய்ந்து காலை நீட்டினாள். எதிரணிப் பிள்ளை லேசாக வெட்டிக்கொண்டு போனாள். இடைவேளைக்குப் பிறகு பாய்ச்சலே இல்லை. இரண்டு அடி தள்ளி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, அந்தப் பிள்ளையைக் கோட்டுப் பக்கமாகவே ஒதுக்கிக்கொண்டு போனாள். கடைசியில் பந்து தானாக வெளியே போனது. கைதட்ட ஆளில்லை.

இந்தப் பொறுமையைச் சொல்லிக் கொடுக்கலாம், ஆனால் ஆடி ஆடித்தான் வரும். வேகமும் நல்ல ஷொட்டும் உள்ள பிள்ளை 15 வயதிலேயே கோல் அடித்துப் பெயரெடுத்துவிடுவாள். பின்களத்தில் நிற்பவள் பந்து எங்கே வரப்போகிறது என்று கணிக்க வேண்டும், எதிரணி ஓஃப்சைட்டில் மாட்டுகிற மாதிரிப் பின்களத்து நாலு பேரையும் ஒரே கோட்டில் ஏற்றி இறக்க வேண்டும், தொண்டை கிழியக் கத்த வேண்டும். அது பெரும்பாலும் இருபதைத் தாண்டித்தான் முற்றும். எங்கள் ஊரிலோ ஏ.எல். (உயர்தர) சோதனையோடு பூட்ஸ் பரணுக்குப் போய்விடுகிறது. அதுவரைக்கும் பிள்ளையை ரியூசனிடமிருந்து மீட்பதே பெரும்பாடு, அது வேறு கதை.

இங்கிலாந்தின் லியா வில்லியம்சனும் பின்கள வீராங்கனைதான். 1997இல் பிறந்தவர், ஒன்பது வயதில் ஆர்சனல் கழகத்தில் சேர்ந்தவர், 17 வயதில் அதன் பெரிய அணிக்கு ஆடியவர். 2015இல் 19 வயதுக்குட்பட்டோருக்கான ஐரோப்பியத் தகுதிச் சுற்றில் நோர்வேயுடன் ஓர் ஆட்டம். 2-1 என்று இங்கிலாந்து பின்தங்கியிருந்தது, முடிகிற நேரத்தில் பெனால்டி. இவர் கோல் அடித்தார். ஆனால் கூட ஆடிய ஒருவர் பந்தை அடிக்க முந்தியே பெனால்டிப் பெட்டிக்குள் புகுந்துவிட்டாராம். திருப்பி அடிக்கச் சொல்ல வேண்டிய நடுவர் நோர்வேக்கு ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். ஐந்து நாள் கழித்து இரண்டு அணியையும் கூப்பிட்டு அதே பெனால்டியிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கினார்கள். ஐந்து இரவு அதை நினைத்துக்கொண்டே படுத்திருப்பார், பாவம். அடித்தார், உள்ளே போனது, மிச்சம் சில வினாடிகளில் ஆட்டம் முடிந்தது. 2022இல் ஐரோப்பியக் கிண்ணத்தைத் தலைவியாகத் தூக்கும்போது அவருக்கு 25 வயது. 17க்கும் 25க்கும் நடுவில் ஆடுவதற்கு அவருக்கு ஒரு கழகம் இருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு இல்லாதது அதுதான்.

இங்கிலாந்து பணக்கார நாடு என்பீர்கள், சரி. பங்களாதேஷைப் பாருங்கள். மைமன்சிங் பக்கத்துக் கல்சிந்தூர் என்ற கிராமத்தின் ஆரம்பப் பாடசாலையில் பந்தடித்த பிள்ளைகள் பலர் தேசிய அணி வரை போனார்கள். பள்ளிக்கூடத்தோடு விட்டுவிடாமல் டாக்காவில் முகாமில் வைத்து வருடக்கணக்காகப் பயிற்சி கொடுத்தார்கள். 2022இலும் 2024இலும் தெற்காசியக் கிண்ணம் அவர்களுக்குத்தான். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பிள்ளைகள் அகில இலங்கை மட்டத்தில் வென்று வந்தபோது எங்களிடமும் அதே தொடக்கம் இருந்ததே! அதன் பிறகு அந்தப் பிள்ளைகள் எங்கே போவது? போதாக்குறைக்கு 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியது, ஓகஸ்ட் வரை சர்வதேச ஆட்டமே இல்லை. 18 வயதில் நிற்கிற பிள்ளைக்கு அந்த மாதங்கள் சின்ன இழப்பா?

இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை எங்களால் திருத்த முடியாது. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் விளையாட்டுக் கழகம் இருக்கிறது, பலவற்றுக்குச் சொந்த மைதானமும் உண்டு. பெடியள் வருவதற்கு முன் பின்னேரம் ஒரு மணித்தியாலம் அந்த மைதானம் சும்மாதான் கிடக்கிறது. பக்கத்துப் பக்கத்து ஊர்க் கழகங்கள் சேர்ந்து பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளுக்கு ஒரு அணி வைத்தால் போதும், மாதத்தில் இரண்டு ஆட்டமாவது ஆடலாம்.

எங்கள் கழகத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைக் கேட்கத்தான் போகிறேன். காசில்லை என்பார்கள். போன முறை மின்னொளிப் போட்டிக்கு லைட்டும் ஸ்பீக்கரும் பிடித்த கணக்கை அங்கேயே வாசித்துக் காட்டச் சொல்லுவேன்.