பட்டினி போட்ட மகள் எழுதுவது

சரி, பேசிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். "செத்துப்போன அம்மாவைக் கடைசி 4 நாள் பட்டினி போட்டுத்தானே அனுப்பி வைத்தாய்" என்று மாமா அத்தனை பேர் முன்னால் கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. இன்று வருகிறது.

நான் அம்மாவைப் பட்டினி போடவில்லை, மாமா. முடிவு நெருங்கும்போது உடம்பு தானாகவே சாப்பாட்டை விட்டுவிடுகிறது. பசி போய்விடும், விழுங்கும் சக்தியும் போய்விடும். அப்போது வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். சலைன் ஏற்றினால் கைகால் வீங்கி, நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இன்னும் கரகரக்கலாம். இதை மருத்துவரிடம் மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்.

"அக்கறையில்தானே கேட்டார்" என்கிறீர்கள். இருக்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். 14 மாதம் அலாரம் வைத்து எழுந்தேன். அந்த அக்கறை ஒரே ஒரு இரவு வந்திருந்தால் நான் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கியிருப்பேன்.

அடுத்தது மார்ஃபின், கடும் வலிக்குக் கொடுக்கிற மருந்து. "அதனால்தான் சீக்கிரம் போய்விட்டார்களாம்." உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிற மருந்து அது. அளவோடு கொடுத்தால் வலியும் மூச்சுத்திணறலும் அடங்கும். முதல் வேளை கொடுத்த இரவுதான் அம்மா பல நாளைக்கு அப்புறம் முனகாமல் தூங்கினாள். ஆமாம், நான்தான் கொடுத்தேன். மறுபடியும் கொடுப்பேன்.

தூரத்தில் இருக்கிறவர்களுக்கும் வலி இருக்கும் என்று ஒரு தோழி எழுதியிருக்கிறாள். இருக்கும். தம்பி கடைசி நாள் வந்து கதறினான், எல்லோரும் அவனைத் தாங்கிப் பிடித்தார்கள். நான் அழவில்லை, கல்நெஞ்சுக்காரி. இன்னொருவர் துக்கத்தின் ஐந்து கட்டங்கள் என்று படம் போட்டு அனுப்பியிருக்கிறார். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் அவற்றை எழுதியது சாகப்போகிறவர்களிடம் பேசிப் பார்த்துத்தான், பறிகொடுத்தவர்களிடம் அல்ல. எந்தக் கட்டத்தில் நிற்கிறேன் என்று தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள்.

"இனி உனக்கு நிம்மதி" என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. அன்று காலை அலாரத்தை அணைத்தபோது முதலில் வந்தது நிம்மதிதான். அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அலாரம் இல்லை, ஆனாலும் இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து அந்த அறை வரை போய்விட்டுத் திரும்புகிறேன்.

மாமா, நீங்கள் கேட்ட அந்த 4 நாளில் ஒரே ஒரு தடவை அம்மா "தண்ணி" என்றாள். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். குழந்தை மாதிரி உறிஞ்சினாள். போதுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள்.

ஆட்டினாள் என்றுதான் நினைக்கிறேன்.