வேட்டை இறைச்சியைப் பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள்

'அலாஸ்காவில் மூஸ் மான் வேட்டையாடினால், இறைச்சியை ஓடைநீரில் கழுவி பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டுங்கள். பத்து நாள் கெடாது' என்று ஒரு யோசனை பரவுகிறது. இது தவறு. நம்பிச் செய்தால் ஒரு பெரிய உயிரின் இறைச்சி முழுவதும் வீணாகும்.

மூஸின் ஒரு பின்னந்தொடையே 50 கிலோவைத் தாண்டும். அதன் உள்சூடு எலும்பை ஒட்டி மணிக்கணக்கில் தங்கும். பிளாஸ்டிக் அந்தச் சூட்டையும் ஈரத்தையும் அடைத்துவிடுவதால் எலும்போரம் முதலில் நாறத் தொடங்கும். நனைந்த மேற்பரப்போ கிருமிகளுக்கு நல்ல விளைநிலம்.

அனுபவமுள்ளவர்கள் உடனே தோலை உரித்து, காற்றுப் புகும் துணிப்பைகளில் இட்டு, நிழலில் கட்டிய கம்பில் ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிடுகிறார்கள். மழைக்கு மேலே தார்ப்பாய். பக்கங்கள் திறந்தே இருக்க வேண்டும். மேற்பரப்பு காய்ந்து, தொட்டால் கருவாட்டுத் தோல்போல் விறைப்பாக இருக்கும். காய்ந்த அந்த மேல்படலம்தான் இறைச்சிக்குக் காவல். துணி ரத்தத்தில் ஊறினால் பையை மாற்றுவார்கள்.

வெயில் கடுமையானால், நீர்புகாப் பையில் இட்டுக் குளிர்ந்த ஓடையில் சிறிது நேரம் அமிழ்த்துவது உண்டு. அது சூடு தணிக்க மட்டுமே. பிறகு வெளியே எடுத்து உலர்த்தியாக வேண்டும். 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் நீடித்தால் பத்து நாள் காத்திராமல் இறைச்சியை முதலில் ஊருக்கு அனுப்புங்கள்.