வழுக்கை அம்மா வழியில் மட்டும்தான் வருமா?

"அம்மாவின் அப்பாவுக்கு வழுக்கை என்றால் பேரனுக்கும் கட்டாயம் விழும், அப்பா வழிக்குப் பங்கே இல்லை" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. இதை நம்பி இளைஞர்கள் கலங்குவது வேதனையாக இருக்கிறது.

வழுக்கையில் பங்குள்ள ஆண் ஹார்மோன் ஏற்பியின் (அந்த ஹார்மோனை உணரும் புரதம்) மரபணு எக்ஸ் குரோமோசோமில் (மரபணுக்களைத் தாங்கும் டிஎன்ஏ இழைகளில் ஒன்று) இருக்கிறது, மகனுக்கு அது அம்மாவிடமிருந்தே வரும் என்பது உண்மை. ஆனால் அம்மாவிடம் அவருடைய அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்த இரண்டு எக்ஸ் உண்டு; பேரனுக்கு அந்தப் பாட்டியுடையதும் வரலாம்.

எக்ஸ் மட்டும்தான் காரணமா என்றால் இல்லை. ஆய்வாளர்கள் வழுக்கை உள்ளவர்கள், இல்லாதவர்கள் என ஆயிரக்கணக்கானோரின் டிஎன்ஏவில் லட்சக்கணக்கான இடங்களை ஒப்பிட்டு, எந்த மாற்றம் யாரிடம் அதிகம் என்று தேடுகிறார்கள். 2008-இல் இப்படித்தான் 20-ஆம் குரோமோசோமில் ஓரிடம் சிக்கியது. அது அப்பாவிடமிருந்தும் வரும். 2017-இல் பிரிட்டனில் 52,000-க்கும் அதிகமான ஆண்களை ஆராய்ந்ததில் வழுக்கையோடு தொடர்புள்ள 287 இடங்கள் தெரிந்தன. எக்ஸில் இருந்தவை 40 மட்டுமே.